எதிர் வசனம் கொடுத்தவன்

பொறாமை வந்தால் சிலருக்கு வயிறு எரியும். எனக்குக் காது சிவக்கும். இது என் மனைவி கண்டுபிடித்தது. டி.வி.யில் என் வயதுக்காரன் எவனாவது நன்றாக நடித்துவிட்டால் அவள் திரையை விட்டுவிட்டு என் காதைப் பார்ப்பாள். "இன்னா, செவந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

நான் நடிகன். பதினாறு வருடமாக. இப்படிச் சொன்னதும் எல்லாரும் "எந்தப் படம்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு படத்தில் கோர்ட் வாசலில் வக்கீலுக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறேன். இன்னொன்றில் கலெக்டர் காரை மறிக்கும் கூட்டத்தில் மூன்றாவது வரிசை. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் பெண்ணுக்கு மாமா. அதில் வசனம்கூட உண்டு, "அடடே!" மற்ற நேரமெல்லாம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பாட்டில் மூடிகளைச் சரிபார்க்கும் வேலை. முதல் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வந்தால் சாயங்காலம் முழுக்க நாடகக் குழு. குரலுக்குப் பயிற்சி, மூச்சுக்குப் பயிற்சி, சும்மா நிற்பதற்கே ஆறு மாதம் பயிற்சி. முறையாகக் கற்றுக்கொண்டவன் நான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் ஊர் நடித்த அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் நடித்ததில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒயிட் டவுனின் மஞ்சள் சுவருக்கு இருக்கிற மார்க்கெட் முதலியார்பேட்டையில் பிறந்த முகத்துக்குக் கிடையாது. சென்னையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குவார்கள். காதலர்களைச் சைக்கிளில் ஏற்றி நாலு தெருவைச் சுற்றவிட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு பாட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நடுவில் ஹீரோ மோதி விழ ஒரு பழக்காரர் வேண்டும், வழி சொல்ல ஒரு ஆட்டோக்காரர் வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

அவனை நான் பார்த்ததும் அப்படி ஒரு ஷூட்டிங்கில்தான். வைத்திக்குப்பம் கடற்கரையில் மீனவர்கள் படகை மேட்டுக்கு இழுக்கிற காட்சி. நாங்கள் இருபது பேர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலில் கருத்த மாதிரி தெரிய உடம்பெல்லாம் மை கலந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு நின்றோம். எனக்கு முதல் வரிசை. அதற்காக இரண்டு நாள் வீட்டு ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பழகியிருந்தேன். குப்பத்துக்காரன் ஒருவன் எங்கள் டிபன் வரிசையில் நுழைந்து இட்லி வாங்கித் தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்ததைப் பார்த்ததும், "இன்னாங்க, கயித்தப் புடிக்கச் சொன்னா பாம்பப் புடிக்கிறீங்க?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். "நீங்க புடிச்சுக் காட்டுங்க" என்றார். அவன் தட்டைக் கீழே வைத்தான், கையை லுங்கியில் துடைத்தான், கயிற்றைப் பிடித்தான். அவ்வளவுதான் செய்தான். அவன் முதல் வரிசைக்குப் போனான், நான் மூன்றாவது வரிசைக்கு வந்தேன். அவனுக்காக என் காது முதன்முதலாகச் சிவந்தது அன்றைக்குத்தான். நல்லவேளை, மை பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பேக்-அப் ஆனதும் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "கோச்சிக்காத மச்சான். சும்மா வாய் இருக்க மாட்டாம சொல்லிட்டேன். நீ எதோ நாடகத்துல இருக்கியாமே, என்னையும் இட்டுனு போறியா?" பார்த்த முதல் நாளே மச்சான். வயதும் ஏறக்குறைய என் வயதுதான். சரி என்று கூட்டிக்கொண்டு போனேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ஒரு மாதம் தாங்க மாட்டான் என்ற நம்பிக்கைதான்.

தாங்கினான். பகலில் பைக்கில் பார்சல் டெலிவரி, சாயங்காலம் குழு. மூச்சுப் பயிற்சியின்போது தூங்கிவிடுவான். வசனத்தை மென்று முழுங்குவான். ஆனால் அவன் சும்மா நின்றால் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஆறு மாதம் பழகி நான் கற்றுக்கொண்ட நிற்பு, அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்திருந்தது. அதற்கு நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இவ்வளவு பொறாமைக்கு நடுவிலும் எப்படி நண்பர்கள் ஆனோம் என்று கேட்டால், பழகினால் அவனைப் பிடிக்காமல் போகாது. அதுவும் ஓர் எரிச்சல்தான். என் மனைவிக்கு மீன் கொண்டுவந்து தருவான். அவளை அண்ணி என்பான். என் ஷிப்ட் நேரம் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள் ஒத்திகை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, யாருக்கும் சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னான்.

அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீனவன் மகன், படகில் ஏறினால் வாந்தி. பதினேழு வயதில் அப்பாவோடு போனவன், கரை மறைவதற்குள் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்திருக்கிறான். அன்றைய மீன்பிடிப்பை விட்டுவிட்டு அப்பா படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். கரையில் இறங்கியதும் அவன் தோளில் கையை வைத்து, "நீ கரையிலயே இருடா" என்றார். அதற்குப் பிறகு அவனைக் கடலுக்குக் கூப்பிடவே இல்லை. படகில் அவன் இடத்துக்குப் பிற்பாடு தங்கை புருஷன் வந்தான்.

"அடிச்சிருந்தா மறந்திருப்பேன் மச்சான்," என்றான். "திட்டிருந்தாக்கூட மறந்திருப்பேன். அவுரு பாசமா சொன்னாரு. அதான் இன்னிக்கும் காதுல வுழுந்துனே இருக்குது."

நான் அவன் முதுகைத் தட்டினேன். டீக்கு நானே காசு கொடுத்தேன்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கொரோனாவுக்குப் பிறகு ஆடிஷனுக்குச் சென்னைக்குப் போய் வரிசையில் நிற்பது குறைந்துவிட்டது. வாட்ஸப்பில் ஒரு காட்சியை அனுப்புவார்கள். நாமே போனில் நடித்து வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். ஒரே ஒரு டேக்தான் அனுப்பலாம். காட்சியில் இரண்டு பேர் பேசுவார்கள். நாம் ஒருவர், இன்னொருவருடைய வசனத்தை யாராவது கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லவேண்டும். அதற்கு எதிர் வசனம் கொடுப்பது என்று பேர். கொடுப்பவன் முகம் படத்தில் வராது, குரல் மட்டும்தான். அவன் ஒழுங்காகக் கொடுத்தால்தான் நமக்கு நடிப்பு வரும். என் மனைவியை வைத்து ஒருமுறை முயற்சி செய்தேன். வில்லன் வசனத்தை, தான் வேலை பார்க்கிற துணிக்கடையில் பில் போடுகிற குரலிலேயே படித்தாள். அதனால் நான் அவனுக்குக் கொடுப்பேன், அவன் எனக்குக் கொடுப்பான். என் வீட்டு மொட்டைமாடி ரூம்தான் ஸ்டுடியோ. சாம்பல் நிறப் போர்வையைச் சுவரில் மாட்டுவோம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவோம். "மூஞ்ச வெளிச்சத்துக்குக் குடுடா" என்று அவனிடம் நூறு முறை சொல்லியிருப்பேன்.

ஒருநாள் ஒரு வெப் சீரிஸுக்குக் காட்சி வந்தது. கதாநாயகனுக்கு அண்ணன் வேஷம். எட்டு எபிசோடிலும் வருகிற ஆள். முப்பத்தைந்து வயது, கடலோர ஊர், எங்கள் பக்கத்துப் பேச்சு. வேலை தேடி வெளிநாடு போகிறவன் அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வருகிறான். எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. அனுப்பினவர் அதை அவனுக்கும் அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் மாடிக்குப் போனோம். முதலில் நான். அவன் அப்பா வசனத்தைக் கொடுத்தான். நிஜ அப்பா மாதிரியே கொடுத்தான். மூன்று டேக் எடுத்தோம், மூன்றும் சுத்தம். ஒரு வார்த்தை தடுக்கவில்லை, கடைசி வரியில் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "சூப்பர் மச்சான், உனக்குத்தான் இது" என்றான் அவன். மனசார சொன்னான். அவன் எதையும் மனசாரத்தான் சொல்வான்.

அடுத்து அவன். முதல் டேக் மொக்கை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவதில் ஏதோ பிடிபட ஆரம்பித்தது. போன் திரையில் பார்க்கிறேன், அந்தப் போர்வைக்கு முன்னால் அவன் நிற்கிற நிற்பில் நிஜமாகவே ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். என் காது கொதித்தது. "இன்னும் ஒண்ணு பாத்துடலாம் மச்சான், இப்பதான் வருது" என்றான். வருகிறது என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயம்.

மூன்றாவது டேக்கில் அப்பாவின் கடைசி வசனம், "முடிவு பண்ணிட்ட. போயிட்டு வா." அதை நான் சொல்லவில்லை. அவன் அப்பா எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேனோ அப்படி, மெதுவாக, பாசமாக, "நீ கரையிலயே இருடா" என்றேன்.

முன்யோசனை ஏதும் இல்லை என்று எழுதிவிடலாம். இருந்தது. இரண்டாவது டேக் முடிந்து அவன் தண்ணீர் குடித்த அந்த அரை நிமிடத்தில் யோசித்தேன். இதைச் சொன்னால் உடைந்துபோவான், டேக் கெட்டுப்போகும், அதற்குமேல் அன்றைக்கு அவனால் நடிக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். அடுத்தவன் சோற்றில் மண்ணைப் போடுவது என்பார்களே, அதை என் வாயாலேயே செய்தேன்.

அவன் வாய் லேசாகத் திறந்து மூடியது. ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் குனிந்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் கீழே இறக்கி, மணிக்கட்டில் பட்டனைப் போட்டான். "வரேம்ப்பா" என்று தன் கடைசி வசனத்தைச் சொன்னான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நகர்ந்து படத்தை விட்டு வெளியே போனான்.

நான் போனை நிறுத்தினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். "அதையே அனுப்பிடு மச்சான்" என்றான்.

எங்கள் வீட்டில்தான் வைஃபை. அனுப்புகிற வேலை எப்போதும் என்னுடையது. மூன்றாவது டேக்கை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். பேப்பரில் இல்லாத வசனம், நடுவில் யாரும் பேசாத நீண்ட இடைவெளி, கடைசி வரி காதில் விழவில்லை, பாதிக்குமேல் முகம் குனிந்திருக்கிறது. குப்பை என்று முடிவு செய்தேன். இரண்டாவதை அனுப்பு என்று ஒரு நல்ல நண்பன் சொல்லியிருப்பான். நான் சந்தோஷமாக மூன்றாவதை அனுப்பினேன். இத்தனை வருடம் நடிப்புக் கற்றவனுக்கு நல்ல நடிப்பு எது என்று பார்க்கத் தெரியவில்லை. அவனுக்கு வேஷம் கிடைத்ததைக்கூட ஒருநாள் மன்னிப்பேன், இதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பத்தாவது நாள் அவனைக் கூப்பிட்டார்கள். எனக்கு "பிறகு தொடர்புகொள்கிறோம்" என்று ஒரு மெசேஜ்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. சீரிஸ் வந்தது. அவன் பெரிய ஹீரோ ஆகிவிடவில்லை. அப்படி ஆகியிருந்தால்கூடத் தேவலை, எட்டாத உயரம் என்று விட்டிருப்பேன். எல்லாருக்கும் பிடித்த நடிகன் ஆனான். தொழிற்சாலை கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "வரேம்ப்பா" என்று அவனைப்போல் செய்து காட்டுவார். அந்தச் சட்டைக் கை விஷயத்தை ஷூட்டிங்கிலும் அப்படியே வைத்துவிட்டார்கள். என் மொட்டைமாடியில், என் போர்வைக்கு முன்னால் பிறந்தது அது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் போனில் அவன் முகம். முடிவெட்டுகிற கடையில் அவன் முகம். அடுத்தடுத்து மூன்று படம். அவன் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழையபடி மீனோடு வந்து, "அண்ணி, வஞ்சிரம்" என்பான். கொஞ்சம் தலைக்கனம் பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

உச்சமாக ஒரு யூடியூப் பேட்டி. என் மனைவிதான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த ஆடிஷன் எப்படி என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான்: "எனக்கு எதிர் வசனம் குடுத்தது என் ஃப்ரெண்டுங்க. எனக்கு வரலன்னு அவனுக்குத் தெரிஞ்சிது. என் மனசுல எங்க கை வெச்சா வரும்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். கரெக்டா வெச்சான். அவனும் அதே வேஷத்துக்கு டெஸ்ட் குடுத்திருந்தான். எவன் செய்வான் சொல்லுங்க? அவன் போட்ட பிச்சை இது."

மனைவி அழுதுகொண்டிருந்தாள். "உங்களத்தாங்க சொல்றாரு. இத்தினி நாளு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லல பாருங்க. நான் வேற உங்களப் பொறாம புடிச்ச ஆளுன்னு கிண்டல் பண்ணிக்கினு இருந்தனே."

அவள் என் காதைத் தடவிக்கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு தண்டனை உண்டா? மறுநாள் சேதராப்பட்டில் சூப்பர்வைசர் எனக்குக் கைகொடுத்தார். வீட்டுக்காரர் மாடிக்கு வந்து போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் நல்லவன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. வேஷம் அவனுக்கு, நல்ல பேர் எனக்கு, அந்தப் பேரையும் கொடுத்தவன் அவன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது.

அடுத்த வருடம் எனக்கு ஒரு காட்சி வந்தது. ஒரு படத்தில் போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கப்படுகிற ஆள். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பொய்ப் புகார் எழுதிப்போட்டவன். படத்தில் முக்கியமான வேஷம். அவன்தான் என் பேரைச் சொல்லியிருந்தான். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் எனக்குச் சிபாரிசு செய்கிறான். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை, எனக்கு அந்த வேஷம் வேண்டும். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். இதுவும் போனால் இனி "அடடே!" மட்டும்தான்.

எதிர் வசனம் கொடுக்க, ஷூட்டிங்குக்கு நடுவில் ஒருநாள் லீவ் கேட்டுக்கொண்டு வந்தான். அதே ரூம், அதே போர்வை. அவன் இன்ஸ்பெக்டர் வசனத்தைக் கொடுத்தான். ஐந்து டேக். ஐந்தும் சுத்தம், ஐந்தும் செத்துக் கிடந்தன. இப்போது எனக்கே பார்க்கத் தெரிந்திருந்தது.

"நான் உனக்குச் செஞ்ச மாதிரி நீ எனக்குச் செய்டா" என்றேன். "எதையாச்சும் சொல்லி என்னைக் குத்து."

யோசித்தான். "தொப்ப போட்டுட்ட மச்சான்" என்றான். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். "அதெல்லாம் வேணாம். நல்லாக் குத்து" என்றேன். மறுபடி யோசித்தான், தலையைச் சொறிந்தான். "எனக்கு உன்னைப் பத்திக் கெட்டதா ஒண்ணும் தோணமாட்டேங்குதே, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான்.

ஆறாவது டேக். இன்ஸ்பெக்டர் கேட்கிறார், "அன்னிக்கு நீ என்ன பண்ண?" பேப்பரில் என் பதில், "நான் எதும் பண்ணல சார்." நான் அதைச் சொல்லவில்லை.

"உன்னைக் கெடுக்கத்தான் சொன்னேன்" என்றேன். "அன்னிக்கு, இந்த ரூம்ல. நீ நல்லா பண்ண ஆரம்பிச்சிட்ட. எனக்குப் பொறுக்கல. உங்கப்பா சொன்னதைச் சொன்னா நீ உடைஞ்சிடுவன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த டேக் குப்பைன்னு நெனச்சேதான் அனுப்பினேன். உதவியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவன் கையில் பேப்பர். என்னைப் பார்த்தான், அப்புறம் பேப்பரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரின் அடுத்த வசனத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தான். "சரி. கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

போனை அவனே நிறுத்தினான். "இது வந்திருக்குது. இதையே அனுப்பு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்து, "எங்க அவுரு?" என்றாள். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான் என்றேன்.

உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கண், வாய், கழுத்து நரம்பு எல்லாம் நிஜம். ஒன்றைத் தவிர. "உன்னைக் கெடுக்கத்தான்" என்று ஆரம்பிக்கிற நொடியில் நான் அரை அடி நகர்கிறேன். முகத்தை வெளிச்சத்துக்குக் கொடுக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையைச் சொல்லப்போகிற நேரத்திலும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவனும் அதைப் பார்த்திருப்பான். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் அவன்தானே.

என் பேச்சை வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு அவன் பேசாமல் நின்ற நேரத்தில் என் முகம் இருந்த இடத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் அனுப்பினேன். வேஷம் கிடைத்தது.

அவன் அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. "சண்டையா?" என்று மனைவி கேட்டாள். "பிஸி" என்றேன். மார்க்கெட்டில் அவளே மீன் வாங்கத் தொடங்கினாள்.

மூன்று மாதம் கழித்துச் சென்னையில் ஷூட்டிங். ஸ்டேஷன் செட். எனக்கு எதிரில் பேர்போன நடிகர் ஒருவர், இன்ஸ்பெக்டராக. "அன்னிக்கு நீ என்ன பண்ண? ஏன் பண்ண?" என்று அருமையாகக் கேட்டார். எனக்கு வரவில்லை. ஏழு டேக். எட்டாவதும் போனதும் டைரக்டர் எழுந்து பக்கத்தில் வந்தார். கோபப்படாமல்தான் பேசினார். "டெஸ்ட்ல ஒரு முகம் குடுத்தீங்க சார். அதுக்காகத்தான் உங்களை எடுத்தேன். அது வேணும். அன்னைக்கு எதிர்ல யாரு பேசினா? பத்து நிமிஷம் பிரேக் தரேன், யோசிங்க." லைட்டை அணைத்தார்கள். தள்ளி நின்று இரண்டு பேர் வேறொரு நடிகரின் பேரைச் சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது.

கேரவனுக்குப் பின்னால் போய் நின்று அவனுக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் காற்று சத்தம் இருந்தது. நல்லா இருக்கியா, எங்கே இருக்கே, எதுவும் இல்லை.

"வரமாட்டேங்குதுடா" என்றேன்.

"எந்த வசனத்துல நிக்குது?" என்று கேட்டான்.

"ஏன் பண்ணன்னு கேக்கறாரு. அங்க."

காற்று மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது கேட்டான்.

"ஏன் மச்சான் பண்ண?"

இன்ஸ்பெக்டராகக் கேட்கவில்லை. நண்பனாக, முதல் தடவையாக, மூன்று மாதம் வைத்திருந்து கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குச் சொல்லாத. அங்க போய் நில்லு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

போய் நின்றேன். எதிரில் இருந்த நடிகர் வாயசைத்தது தெரிந்தது, குரல் எனக்கு அவனுடையதாகத்தான் கேட்டது. ஒரே டேக். டைரக்டர் "ஓகே" என்று சொல்ல மறந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைதட்டினார்கள். லைட்மேன்கள்கூடத் தட்டினார்கள். பதினாறு வருடமாக அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

என் காது சிவந்து கிடந்தது. மேக்கப்காரர் வந்து, "சார், காது இன்னா இப்படி?" என்று பவுடர் போட்டார். நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். ஒத்திகை இல்லை, வெளிச்சம் இல்லை, எதிரில் முகம்கூட இல்லை. எங்கேயோ காற்றில் நின்றுகொண்டு, போனில், அந்த மூன்று வார்த்தையை அவன் கேட்ட மாதிரி எனக்குச் செத்தாலும் கேட்க வராது.